பருவமழைக்கு முன் ஏற்காடு மலையில் துறைகளை ஒருங்கிணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏற்காடு வட்டத்திலோ மலையடிவார ஊர்களிலோ பேரிடர் மேலாண்மைப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி இது. தனி தாசில்தார், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர், ரேஞ்சர் (வனச்சரகர்), ஊராட்சிச் செயலர் என யார் கையில் எடுத்தாலும் பயன்படும்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வந்தவுடன் எல்லாத் துறைக்கும் கடிதம் போடுகிறார்கள், கூட்டம் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு துறையும் "போதிய முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று அறிக்கை தருகிறது. கோப்பு நிரம்பிவிடுகிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் விழுந்தால் முதலில் யார் கிளம்ப வேண்டும் என்பது அந்தக் கோப்பில் எங்கும் இருக்காது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் இடம். அடுத்து அந்த இடத்துக்கு உரியவர். அடுத்து எந்த மழை அளவில் அவர் கிளம்ப வேண்டும் என்பது. அதற்குப் பிறகுதான் இயந்திரமும் பணமும். கூட்டம் கடைசியில்.

வேலையை ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். செப்டம்பர் 30-க்குள் எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் பெய்யும் இடிமழையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை அப்போது கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். காய்ந்து கிடக்கும் மலையில் அது தெரியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன் சில பிரிவுகளை நகலெடுத்துக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். பிரிவு 31, மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தச் சொல்கிறது. பிரிவு 32, மாவட்ட அளவிலான ஒவ்வொரு அலுவலகமும் தன் சொந்தத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 33-ன்கீழ் எந்தத் துறைக்கும் தடுப்பு வேலை செய்ய உத்தரவிடலாம். அந்தத் துறை கட்டுப்பட்டது. பிரிவு 34 ஆபத்து நெருங்கும்போது போக்குவரத்தை நிறுத்தவும், துறைகளின் வளங்களை எடுத்துப் பயன்படுத்தவும் அதிகாரம் தருகிறது. பிரிவு 50 அவசரக் கொள்முதலுக்கு. பிரிவு 65 வாகனம், இடம், பொருள் ஆகியவற்றைக் கையகப்படுத்த.

ஒன்றை மறக்கக்கூடாது. 33, 34 பிரிவுகளின் அதிகாரம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உரியது. தாசில்தார் பெயரில் போகும் கடிதம் வேண்டுகோள். ஆணையத்தின் பெயரில் போவது உத்தரவு. எந்தெந்த வேலைக்கு உத்தரவு தேவைப்படும் என்று முன்கூட்டியே பார்த்து, வரைவைத் தயாராக வைத்திருந்தால் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கடந்த மூன்று ஆண்டுப் பதிவேடுகளையும் திரட்டுங்கள்: நெடுஞ்சாலைத் துறையின் மழைச் சேத மதிப்பீடுகள், தீயணைப்பு நிலையத்தின் அழைப்புப் பதிவேடு, மின்வாரியத்தின் மின்தடைப் பதிவேடு. மரம் விழுந்த இடமும் மண் இறங்கிய இடமும் இவற்றில் ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவிலானது. அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவு முழுதும் அதில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். எங்கே நடந்து பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அது போதும். ஒரு குறிப்பிட்ட வீட்டை "பாதுகாப்பானது" என்று சொல்ல அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

1. எல்லையைத் தண்ணீரை வைத்துப் போடுங்கள்

வட்ட எல்லையோடு நிறுத்திக்கொள்வது முதல் தவறு. சேர்வராயனில் விழும் மழை ஏற்காடு தாலுகாவுக்குள் நிற்பதில்லை. ஒரு பக்கம் கன்னங்குறிச்சி, மூக்கனேரி வழியாகவும் திருமணிமுத்தாறு வழியாகவும் சேலம் மாநகருக்குள் வந்து, பிறகு நாமக்கல் மாவட்டத்துக்குப் போகிறது. இன்னொரு பக்கம் சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடிப் பக்கம் இறங்குகிறது. வடகிழக்கே வாணியாறாக தருமபுரி மாவட்டத்துக்குள் போய் வாணியாறு அணையில் சேர்கிறது.

ஆகவே உங்கள் தொடர்புப் பட்டியலில் சேலம் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் அண்டை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளும் கட்டாயம் இருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் எல்லா மாவட்டத்துக்கும் 1077-தான். பக்கத்து மாவட்டத்தைப் பிடிக்க எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்த்துப் போட வேண்டும்: சேலம் 0427, தருமபுரி 04342, நாமக்கல் 04286. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

மேட்டூர் அணையின் உபரிநீரை இந்தக் கோப்பில் கலக்காதீர்கள். அந்த வெள்ளம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில், கர்நாடக அணைகள் நிரம்பியபின் வருவது. நீர்மட்டம் 120 அடியை நெருங்கும்போது நீர்வளத் துறையிடமிருந்து எச்சரிக்கை வரும். தயாராகச் சில மணி நேரமாவது இருக்கும். மலையில் அந்த அவகாசம் கிடையாது. இரண்டையும் ஒரே திட்டத்தில் போட்டால் இரண்டுக்குமே சரியான ஆள் வந்து சேர மாட்டார்.

2. இடப்பட்டியல் போடுங்கள்

துறைவாரியாகப் பிரிக்காமல் இடவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், சாலையாக இருந்தால் கி.மீ. கல்லும் அடுத்த கல்லுக்கு எத்தனை மீட்டர் என்பதும், ஊர்க்காரர்கள் அந்த இடத்தைக் கூப்பிடும் பெயரும். கடைசியில் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. ராத்திரியில் தகவல் சொல்லும் ஓட்டுநர் கி.மீ. 14/6 என்று சொல்ல மாட்டார்; "அறுபதடி பாலத்துக்கு மேல்" என்பார். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்தப் பெயரைப் பட்டியலில் உடனே கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

பட்டியலில் மூன்று வகை இடங்கள் வரும். முதலாவது, சேலம்–ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும், குப்பனூர்–கொட்டச்சேடு சாலையும். இரண்டாவது, சரிவை வெட்டிக் கட்டிய வீடுகள், எஸ்டேட் லைன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), ஓடைக்கரை வீடுகள். மூன்றாவது, ஒரே பாதையை நம்பியிருக்கும் ஊர்கள். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளுக்குள் ஒவ்வொரு குக்கிராமமாகப் பார்க்க வேண்டும். ஒரு சிறுபாலம் போனால் எத்தனை குடும்பம் துண்டாகும் என்பதே இங்கே கேள்வி.

முதல் பட்டியல் நீளமாகத்தான் வரும். வரட்டும். நடந்து பார்த்தபின் குறைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து குறைப்பவர்கள் சாலை இடங்களை வைத்துக்கொண்டு வீடுகளை வெட்டிவிடுகிறார்கள், சாலைக்குத்தான் அறிக்கை கேட்கப்படும் என்பதால்.

3. ஒன்றாக நடந்து பாருங்கள்

நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை, மின்வாரியம், வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர் ஆகிய ஐந்து பேரும் ஒரே நாளில், ஒரே வண்டியில் போக வேண்டும். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் "சரியாக உள்ளது" என்று எழுதுவார்கள். இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ள இரண்டு மீட்டர் சரிவை யாரும் எழுத மாட்டார்கள். மண் அங்கிருந்துதான் இறங்கும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு முன் இந்த மலை எப்படிச் சரிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அடியில் கெட்டியான சார்னோகைட் பாறை. மேலே அது சிதைந்து உண்டான செம்மண். தொடர்மழையில் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் பாறையில் முட்டி நின்று, மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. சாலைக்காக அடிப்பகுதியை வெட்டிய இடத்தில் தாங்க ஆளில்லாமல் மண் இறங்கிவிடுகிறது. மண்ணுக்குள் சிதையாமல் மிஞ்சிய உருண்டைப் பாறைகளும் உண்டு. சுற்றியுள்ள மண் கரைந்ததும் அவை உருண்டு வரும். அதனால் மேலே தெரியும் பாறையை மட்டும் பார்க்காமல், அதன் அடிமண் எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சிறுபாலத்தில் தொடங்குங்கள். பலரும் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு "அடைப்பில்லை" என்று எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியது மலைப்பக்கத்து வாய். சில்வர் ஓக் சருகு, தண்ணீர் பாட்டில், தின்பண்ட உறை எல்லாம் அங்கேதான் படிந்து, மேலே மண் மூடிக் கிடக்கும். சிறிய மழைக்குத் தண்ணீர் அதன் மேலேயே ஓடிவிடுவதால் திறந்திருப்பதுபோலத் தோன்றும். கடப்பாரையைக் குத்தி எத்தனை சென்டிமீட்டரில் கான்கிரீட் தட்டுகிறது என்று அளந்து எழுதுங்கள். "சுத்தம் செய்ய வேண்டும்" என்ற குறிப்பு அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். "45 செ.மீ. மண்" என்றால் வேலை முடிந்ததா இல்லையா என்று அடுத்த முறை அளந்து சொல்லலாம்.

சிறுபாலத்தின் குழாய் அடைத்தால் தண்ணீர் சாலைமேல் ஏறி, எதிர்ப்பக்கத்து ஓரத்தை அரித்து, தடுப்புச் சுவரின் பின்னால் இறங்கும். சுவர் பள்ளத்தில் போய்விழும். அடுத்த நாள் மதிப்பீட்டில் சுவர் கட்டப் பணம் கேட்பார்கள். சிறுபாலத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. புதிய சுவரும் அதே வழியில் போகும்.

தடுப்புச் சுவரில் கசிவுநீர் வெளியேறும் துளைகளுக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் துளை காய்ந்தும், கல்லிடுக்கு ஈரமாகவும் இருந்தால் துளை அடைந்திருக்கிறது. சுவர் தண்ணீரையும் சேர்த்துத் தாங்குகிறது என்று பொருள்.

சரிவின் மேல்பகுதியில் பிறை வடிவ விரிசல், சாய்ந்த மரம் அல்லது கம்பம், புதிதாகக் கிளம்பிய கலங்கல் ஊற்று, கதவு இறுகிப்போன வீடு ஆகியவற்றைத் தேடுங்கள். விரிசல் இருந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிட்டு, விரிசலைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். மழை நாளில் முளைகளின் இடைவெளி கூடினால் எந்த மழை அளவுக்கும் காத்திருக்காமல் வீடுகளைக் காலி செய்யத் தொடங்குங்கள்.

எஸ்டேட் வடிகால் தனி விஷயம். ஒரு ஹெக்டேரில் 100 மி.மீ. மழை விழுந்தால் அது 10 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரை ஒரே வாய்க்காலில் சேர்த்துச் சாலை வளைவில் இறக்கிவிட்டால் எந்தச் சிறுபாலமும் தாங்காது. மேலாளரிடம் பேசி, இயற்கை ஓடைகளுக்குப் பிரித்துவிடச் சொல்லுங்கள். மண் தேக்கக் குழிகள் தோட்டத்துக்கு நல்லவைதான்; ஆனால் வெட்டிய சரிவுக்கு நேர் மேலே வேண்டாம். அங்கே தேங்கும் தண்ணீர் நேராகச் சரிவுக்குள் போகும்.

4. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முதல் ஆள்

இங்கேதான் ஒருங்கிணைப்பு நிற்கும் அல்லது விழும். ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையும் பக்கவாய்க்காலும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. மேல்சரிவு காப்புக்காடு. கம்பம் மின்வாரியத்தின் சொத்து. கீழே உள்ள கடை ஊராட்சி எல்லையில். பக்கத்துத் தோட்டம் பட்டா. "கூட்டுப் பொறுப்பு" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை என்று பொருள்.

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். சம்பவம் நடந்தால் யார் முதலில் போவது? நிரந்தர வேலை யாருடையது? இரண்டும் ஒரே துறையாக இருக்க வேண்டியதில்லை. ஓடைக்கரை வீட்டுக்கு முதல் ஆள் அந்த ஊரில் தங்கியிருக்கும் கிராம உதவியாளராக இருக்கலாம். கரையைப் பலப்படுத்துவது வேளாண்மைப் பொறியியல் துறையின் வேலையாக இருக்கலாம்.

முதல் ஆளைப் பதவியால் எழுதுங்கள், அலுவலக சி.யு.ஜி. எண்ணோடு (பதவிக்கென்று தரப்பட்ட கைபேசி எண்). பெயரும் சொந்த எண்ணும் அடுத்த மாறுதலில் காலாவதியாகிவிடும். மாற்று ஆளும் கட்டாயம். முதல் ஆள் சேலத்திலிருந்து வந்து போகிறவர் என்றால், மாற்று ஆள் மலைமேல் தூங்குபவராக இருக்க வேண்டும், பாதை அடைந்தபின் கீழே இருப்பவரால் வர முடியாது என்பதால்.

மின்கம்பியோடு மரம் விழும் இடத்துக்கு வரிசை எழுத்தில் இருக்கட்டும்: மின்வாரியம் இணைப்பைத் துண்டித்து, சம்பவ இடத்தில் உள்ளவரிடம் வாய்மொழியாக உறுதி சொல்ல வேண்டும், பிறகு தீயணைப்புத் துறையோ வனத்துறையோ வெட்டும், பிறகு நெடுஞ்சாலைத் துறை அப்புறப்படுத்தும், பிறகு காவல்துறை வண்டியை விடும். மின்மாற்றியில் துண்டித்ததோடு முடிந்தது என்று நினைப்பது உயிரை வாங்கும் தவறு. பக்கத்து விடுதியிலோ எஸ்டேட் பங்களாவிலோ மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடினால், அந்தக் கம்பியில் பின்பக்கமாக மின்சாரம் வரும்.

சாய்ந்த மரங்களுக்கான அனுமதியை ஆகஸ்டிலேயே கேளுங்கள். காப்புக்காட்டில் மட்டுமல்ல, மலையில் பட்டா நிலமானாலும் நினைத்தவுடன் மரம் வெட்ட முடியாது. மர எண், இனம், சுற்றளவு, படம் நான்கும் உள்ள பட்டியலை ரேஞ்சருடன் சேர்ந்தே தயாரித்தால் கேள்வி கேட்டுக் கோப்பு திரும்பாது.

5. எந்த அளவில் யார் கிளம்புவது

"கனமழை பெய்தால்" என்று திட்டத்தில் எழுதாதீர்கள். வானிலைத் துறையின் அளவுகளைப் போடுங்கள்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை.

தொடக்கத்துக்கு மூன்று நிலை போதும். நிலை ஒன்று: சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன். எல்லா முதல் ஆட்களுக்கும் போன் போட்டு இருப்பிடம் கேட்பது, இயந்திரத்துக்கு டீசல், மழைமானியை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை படிப்பது. நிலை இரண்டு: காலை 8.30 முதல் 65 மி.மீ. சேர்ந்தால். சாலையில் ரோந்து, கனரக வாகனங்களுக்குத் தடை, பட்டியலில் உள்ள வீடுகளுக்கு நேரில் தகவல். நிலை மூன்று: 115 மி.மீ. கடந்தால், சிவப்பு எச்சரிக்கை இருந்தால், அல்லது சரிவில் ஏதாவது அறிகுறி தெரிந்தால். வீடுகளைக் காலி செய்வதும் பாதையை மூடுவதும் இந்த நிலையில். இரண்டு நாளாக மழை பெய்து மண் ஊறியிருந்தால் ஒவ்வொரு நிலையையும் ஒரு படி முன்னதாகவே எடுங்கள். இந்த எண்களை உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

காலி செய்வதை மாலை 4 மணிக்குள் முடிவு செய்யுங்கள். முன்னிருட்டில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஈரச் சரிவில் நடக்க வைப்பதே ஒரு ஆபத்து.

மழைக்கணக்கில் எல்லாரும் சறுக்கும் இடம் தேதி. டிசம்பர் 2 காலை 8.30-க்குப் படித்த அளவு, பெரும்பாலும் டிசம்பர் 1 அன்று பெய்த மழை. சரிவு நடந்த நேரத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்தால் "குறைந்த மழையிலேயே சரிந்தது" என்ற தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

ஏற்காடு ஊரில் உள்ள ஒரு மழைமானி மலை முழுவதற்கும் பேசாது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் அளவு குறித்த எளிய பிளாஸ்டிக் மழைமானி வாங்கிக் கொடுத்து, கூரையும் மரமும் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.

புயல் கரை கடந்தவுடன் நிலையைத் தளர்த்துவதும் பெரிய தவறு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அது வலுவிழந்து உள்ளே வந்தபிறகுதான் ஊத்தங்கரையில் 503 மி.மீ. கொட்டியது, ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலோரம் ஓய்ந்த நேரத்தில்தான் மலைக்கு வேலை தொடங்கும்.

6. மலைப்பாதையை மூடும் வரிசை

இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் அடைத்துவிட்டால் நடுவில் இருக்கும் வண்டிகள் வளைவுகளில் மாட்டிக்கொள்ளும். முதலில் அடிவாரத்தில் ஏறும் வண்டிகளை நிறுத்துங்கள். பிறகு மேலே இறங்கும் வண்டிகளை நிறுத்துங்கள். அதன்பின் ரோந்து வண்டி ஒன்று மேலிருந்து கீழ்வரை வந்து, கடைசி வண்டியும் வெளியேறியதை உறுதி செய்ய வேண்டும். அந்தத் தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபிறகே "மூடப்பட்டது" என்று அறிவியுங்கள். இருசக்கர வாகனங்கள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். ஆள் இல்லாத தடுப்பு தடுப்பே அல்ல.

குப்பனூர் சாலையை மாற்றுப்பாதை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அதே மழைதான் அங்கேயும் பெய்கிறது. ஒருவர் அதில் முழுவதும் போய்ப் பார்த்து, எந்த அளவு வண்டி போகலாம் என்று சொன்ன பிறகே அறிவிப்பு.

போக்குவரத்துக் கழகப் பணிமனை, 108, விடுதிகள், பால் வண்டி ஆகியோருக்கு யார் தகவல் சொல்வது என்பதையும் பெயரிட்டு வையுங்கள். வார இறுதியாக இருந்தால் விடுதிகளுக்கு முதல் நாள் மாலையே சொல்லிவிடுவது நல்லது. அறை பதிவு செய்தவர்கள் கிளம்பிவந்து அடிவாரத்தில் நின்றால் காவலர்களின் நேரம் முழுதும் வாக்குவாதத்தில் போய்விடும்.

7. மேலே தங்கிவிடும் மக்களுக்கு

கிராம சுகாதார செவிலியரிடம் பிரசவ தேதிப் பட்டியல் இருக்கும். அடுத்த இரண்டு வாரத்தில் பிரசவம் எதிர்பார்க்கும் பெண்களையும் டயாலிசிஸ் நோயாளிகளையும் நிலை ஒன்றிலேயே சேலத்துக்கு இறக்கி, உறவினர் வீட்டிலோ மருத்துவமனையிலோ தங்க வையுங்கள். சாலை நன்றாக இருக்கும்போது இது ஒரு மணி நேர வேலை. ஒரு 108 வண்டி மலைமேலேயே நிற்கட்டும்.

முகாமுக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் சாவி யாரிடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பின்சுவருக்குப் பின்னால் வெட்டிய சரிவு இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை.

ரேஷன் பொருளை அக்டோபர் முதல் வாரத்திலேயே கடைகளுக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

8. இயந்திரம், ஆள், பணம்

ஜே.சி.பி. மேலே ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. கீழே மட்டும் இருந்தால் முதல் சரிவில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டுதான் ஏற முடியும். இயக்குபவர் எங்கே தங்குகிறார், டீசல் எங்கிருந்து, மணிக்கு என்ன வாடகை என்பதைச் செப்டம்பரில் எழுத்தில் முடியுங்கள். வாடகை பேசாத இயந்திரம் ராத்திரியில் போனை எடுக்காது.

மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு மாற்றுச் சங்கிலியும் இரண்டு கேன் எரிபொருளும் வேண்டும். மண்ணோடு விழுந்த மரத்தில் சங்கிலி சீக்கிரம் மழுங்கிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை தலைப்பு மாறினால் கோப்பு திரும்பும். வாய்க்கால், சிறுபாலம் சுத்தம் செய்வது துறையின் வழக்கமான பராமரிப்பு நிதியில். சம்பவத்துக்குப் பின் மீட்பு வேலை மாநிலப் பேரிடர் மீட்பு நிதியில். நிரந்தரத் தடுப்பு வேலைக்குத் தணிப்பு நிதி தனியே உண்டு. 15-வது நிதிக்குழு 2021–26-க்கு வகுத்த முறையில் மொத்தத்தில் 80% மீட்புக்கு, 20% தணிப்புக்கு. அவசரத்தில் டெண்டர் இல்லாமல் வாங்க பிரிவு 50 இடம் தருகிறது, ஆனால் ஆணையத்தின் அங்கீகாரமும், பொருள் பயன்பட்டதற்கான சான்றும் கோப்பில் இருக்க வேண்டும். இரண்டாவதை அன்றே எழுதி வாங்காவிட்டால் தணிக்கையில் நிற்பது நீங்கள்தான்.

9. இப்போது கூட்டத்தைக் கூட்டுங்கள்

துறை துறையாக அறிக்கை படிக்கச் சொல்லாதீர்கள். இட எண் 1, 2, 3 என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஆள், மாற்று ஆள், பாக்கி வேலை, முடிக்கும் தேதி. சர்ச்சை வந்தால் அங்கேயே ஆட்சியரிடமோ டி.ஆர்.ஓ.விடமோ (மாவட்ட வருவாய் அலுவலர்) முடிவு கேளுங்கள். "பேசித் தீர்த்துக்கொள்ள" என்று குறிப்பில் எழுதினால் அது மழைவரை தீராது.

எஸ்டேட் மேலாளர்கள், விடுதி உரிமையாளர்கள், ஆப்த மித்ரா (பேரிடர் பயிற்சி பெற்ற) தன்னார்வலர்கள், ஊராட்சித் தலைவர் அல்லது தனி அலுவலர் ஆகியோரையும் கூப்பிடுங்கள். நடவடிக்கைக் குறிப்பு அன்று மாலையே போக வேண்டும்.

10. ஒத்திகை

பகலில் மைதானத்தில் கயிறு கட்டிக் காட்டுவது பொதுமக்களுக்குப் பயன்படும். துறைகளுக்கு வேண்டியது வேறு. ஒரு இரவு 10 மணிக்கு முன்னறிவிப்பில்லாமல் ஐந்து இடங்களின் முதல் ஆட்களுக்குப் போன் போடுங்கள். எடுத்தது யார், எத்தனை நிமிடத்தில், சிக்னல் இருந்ததா என்று எழுதுங்கள். சிக்னல் கிடைக்காத இடங்களுக்குக் காவல்துறை, வனத்துறை வயர்லெஸ் எங்கே எட்டுகிறது என்று அன்றே சோதிக்கலாம். போன் எடுக்காதவரைக் குறை சொல்வதற்காக இதைச் செய்ய வேண்டாம். மாற்று ஆளை மாற்றுவதற்காகச் செய்யுங்கள்.

11. மழை நாளில்

ஒரே ஒரு பதிவேடு, ஒரே ஒரு இடத்தில். நேரம், சொன்னவர், இட எண், செய்தது. நிலவர அறிக்கை காலை 7, பகல் 1, மாலை 7 என்று நேரம் நிர்ணயித்து, எல்லா மேலதிகாரிகளுக்கும் ஒரே அறிக்கையை அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஆளாளுக்குப் போன் செய்து, சம்பவ இடத்தில் நிற்பவரின் சார்ஜ் தீர்ந்துவிடும்.

மக்களுக்குச் சொல்லும்போது "தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற வாசகம் மலையில் பயனில்லை. "ஓடைக்கரை மேல்தெருக்காரர்கள் 4 மணிக்குள் பள்ளிக்கு வாருங்கள், கோயில் வழியாக வாருங்கள்" என்று ஊர், நேரம், பாதை மூன்றும் சொல்லுங்கள். வானிலை விவரத்துக்கு டி.என்.-அலர்ட் செயலியை ஊராட்சிச் செயலர்களின் போனில் ஏற்றிவையுங்கள்.

ஒரு அறிகுறியை எல்லா முதல் ஆட்களுக்கும் சொல்லிவையுங்கள்: கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ மண்ணும் மரமும் அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. அது உடைத்துக்கொண்டு வரும். ஓடையை விட்டு உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது.

12. மழைக்குப் பின்

மண்ணை அள்ளும் முன் படம் எடுங்கள், அளவுக்கு ஒரு ஆளோ கடப்பாரையோ பக்கத்தில் நிற்க. சரிவின் நீளம், அகலம், மண் எங்கிருந்து கிளம்பியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். பாதையைத் திறக்கும் அவசரத்தில் இந்த ஆதாரம் லாரியில் போய்விடுகிறது. தணிப்பு நிதிக்கு முன்மொழிவு எழுதும்போது காட்ட எதுவும் இருப்பதில்லை.

அள்ளிய மண்ணை எதிர்ப்பக்கப் பள்ளத்தில் தள்ளவிடாதீர்கள். அது கீழ்வளைவின் மேல்சரிவில் போய்ச் சேர்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். கொட்டுமிடத்தை நடந்து பார்க்கும்போதே குறித்து, இட எண்ணோடு பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஜனவரியில் இடப்பட்டியலைத் திருத்தி, முளை அளவுகளையும் மழைக்கணக்கையும் சேர்த்து மூன்று படி எடுங்கள். ஒன்று ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில், ஒன்று நெடுஞ்சாலைத் துறை உட்கோட்டத்தில், ஒன்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில். மாறுதல் வந்தால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இந்தக் கோப்பின் எண்ணைத் தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.